கைய எடுத்துட்டுப் பேசு

— கைய எடுன்னா எடு, பொற்கொடி. முந்தானைய வாய்க்குள்ள திணிச்சிக்கிட்டு இங்கிலீஷ் பேசினா எந்த ஊர்க்காரருக்குப் புரியும்?

— எடுத்துட்டேன் லூசிக்கா. அது தானா போவுது. இங்கிலீஷ்னு நெனச்சாலே கை வந்து வாய மூடிக்குது. நான் என்னா பண்ணட்டும்?

— இந்தா, பெட்ஷீட்டப் புடி. அந்த ரெண்டு முனை உனக்கு, இந்த ரெண்டு முனை எனக்கு. மடிச்சிக்கிட்டே பேசு. இப்ப எப்படி மூடுறன்னு பாக்கறேன்.

— நல்ல ஆளுக்கா நீ. ம்... எங்க வுட்டேன்?

— கெஸ்ட் கார்லேர்ந்து இறங்கிட்டாரு. நீ ரிசப்ஷன்ல நிக்கற. ஆரம்பி.

— குட் ஈவினிங் சார். வெல்கம் டு அவர் கெஸ்ட் ஹவுஸ். ஹவ் வாஸ் யுவர் ஜர்னி?

— அங்க இருட்டுல நின்னு சொல்லாத. ஜன்னல் பக்கம் வா. வெளிச்சத்துல நில்லு.

— இங்கிலீஷ் பேசறதுக்கு எதுக்குக்கா வெளிச்சம்? போட்டோவா புடிக்கப் போற?

— இந்த வாய் தமிழுக்கு மட்டும் நல்லாத் தொறக்குது. வர்றப்ப அந்த ஃபேன நிறுத்திட்டு வா.

— எம்மா! பங்குனி வெய்யிலு. வேத்துக் கொட்டுது. வாஷிங் மெஷினு ஓடி சூடான ரூமுல ஃபேனும் இல்லன்னா வெந்து பூடுவோம்.

— அங்க கெஸ்ட் முன்னாடி வேத்துக் கொட்டறதுக்கு இங்கயே கொட்டிடட்டும். இன்னொரு தடவ.

— குட் ஈவினிங் சார் வெல்கம் டு அவர் கெஸ்ட் ஹவுஸ் ஹவ் வாஸ்...

— நில்லு நில்லு. யாரு தொரத்துறாங்க உன்ன? ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம். சொல்லி முடிச்சிட்டு என் மூஞ்சியப் பாரு. புரிஞ்சிதா புரியலையான்னு மூஞ்சியே சொல்லிடும். புரிஞ்சிதுன்னா அடுத்தது. இல்லன்னா அதையே மறுபடி.

— குட் ஈவினிங், சார்... வெல்கம் டு அவர் கெஸ்ட் ஹவுஸ்... ஹவ் வாஸ் யுவர் ஜர்னி?

— இது பேச்சு. மணி என்ன ஆச்சு?

— இப்பதான பின்னாடி ஸ்கூல்ல பெல்லு அடிச்சாங்க. ரெண்டே முக்கா. காதுல வுழல?

— உன் இங்கிலீஷக் கேக்கறதா, ஸ்கூல் பெல்லக் கேக்கறதா? அடுத்த பெட்ஷீட் எடு.

— காலைல மேனேஜர் சொன்னதக் கேட்டதுலேர்ந்து ஒரு வா சோறு எறங்கல.

— கிளமென்ட் சார் உன்கிட்ட என்ன சொன்னாரு, முழுசாச் சொல்லு. இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு.

— நாலு மணிக்கு ரெண்டு ஜெர்மன்காரங்க வர்றாங்களாம். நிலக்கரி மைன்ஸ்ல ஏதோ பெரிய மிஷினு பாக்க வர்ற என்ஜினியருங்க. 'நீ தனியா ரிசீவ் பண்ணு, நான் சோபாவுல உக்காந்து பாத்துகினு இருப்பேன். நடுவுல வாயே தொறக்க மாட்டேன். நல்லா செஞ்சன்னா ஒண்ணாந்தேதியிலேர்ந்து ரிசப்ஷன் டெஸ்க்கு உனக்கு. இல்லன்னா சென்னையிலேர்ந்து ஒரு பொண்ண அனுப்பறோம்னு ஹெட் ஆபீஸ்ல சொல்லிகினே இருக்காங்க, சரின்னு சொல்லிடுவேன்'னாரு.

— அவ்ளோதான? நீ என்ன மலையவா பெயர்க்கப் போற?

— உனக்குத் தெரியாதுக்கா. பதினாறு வருஷமா குனிஞ்சிக்கினே வேல பாத்துட்டேன். கட்டிலுக்கு அடியில, பாத்ரூமுல, மாடிப்படியில. வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் என் முதுகுதான் தெரியும். ஒரு நாளாச்சும் நிமுந்து, நாற்காலில உக்காந்து, வர்ற ஆளோட கண்ணப் பாத்து ஒரு வேல பாக்கணும். எனக்கு வேற ஆச இல்ல.

— பாப்ப. கண்ணத் தொட. பெட்ஷீட்டுல தொடைக்காத, அது ஏழாம் நம்பர் ரூமுக்குப் போகணும்.

— போக்கா.

— பின்ன என்ன? ஆறு மாசத்துக்கு முன்னாடி நீ இருந்த இருப்பு என்ன, இப்ப இருக்கற இருப்பு என்ன! பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல ஒரு புஸ்தகம் வாங்கிட்டு வந்தியே, ஞாபகம் இருக்கா?

— ஐயோ, அத எடுக்காத.

— எடுப்பேன். புஸ்தகத்துல ரெண்டு பேரு பேசிக்கற மாதிரி இருந்தது. ஒருத்தரு கேள்வி, ஒருத்தரு பதில். நீ ரெண்டு பேரு பேசறதையும் சேத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்த. ஒடிசாவுலேர்ந்து வந்தவரு பாவம், ஹாட் வாட்டர் வரலன்னு கேட்டாரு. நீ என்ன சொன்ன?

— சிரிக்காதக்கா!

— நீயே சொல்லு. என்ன சொன்ன?

— 'ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ. மை நேம் இஸ் ராபர்ட்.'

— சேசுவே!

— புஸ்தகத்துல அதான அடுத்த வரி! அவரு புஸ்தகத்துல இருக்கறதக் கேக்காம வேற கேட்டா நான் என்னா பண்ணுவேன்? ஊருக்குப் போற வரைக்கும் அந்தாளு என்ன 'ஹலோ ராபர்ட்'னுதான் கூப்ட்டாரு. அத வூட்ல சொல்லித் தொலைச்சேன். எம் பொண்ணு இசைப்பிரியா, ஒம்போதாவது படிக்கிற கழுத, இன்னைக்கும் 'ராபர்ட்டு, சோறு போடு'ங்கறா.

— அன்னிக்குத்தான் நீ என்கிட்ட வந்த. புஸ்தகத்தத் தூக்கி அந்த அலமாரி மேல போட்டேன். இன்னும் அங்கதான் கெடக்கு.

— நீ போட்ட. போட்டுட்டு என்னா சொன்ன? 'பன்னெண்டு ரூமு இருக்கு. ஒரு ரூமுக்கு ஒரு வாக்கியம். கை என்னா செய்யுதோ அத வாய் சொல்லணும்'ன. பெட்ஷீட்ட மாத்திக்கினே பெட்ஷீட்டுகிட்ட 'ஐ ஆம் சேஞ்சிங் தி பெட்ஷீட்'னு சொன்னேன். பக்கெட்டுகிட்ட 'ஐ ஆம் ஃபில்லிங் தி பக்கெட்'னு சொன்னேன். வாட்ச்மேன் மருதமுத்து அண்ணன் பாத்துட்டு, 'ஏம்மா, உள்ள யாரு இருக்கா?'ங்கறாரு. யாரும் இல்லண்ணேன்னேன். அதுலேர்ந்து நான் போற ரூமுப் பக்கமே வர்றதில்ல மனுசன்.

— பலன் கெடச்சிதா இல்லையா?

— கெடச்சிது, கெடச்சிது. ஆனா வாய் சும்மா இருக்க மாட்டேங்குதே! பொங்கலுக்குக் காடாம்புலியூருக்கு மாமியார் வூட்டுக்குப் போனேன். முந்திரிக்கொட்ட ஒடைக்க உக்காந்தேன். என்ன அறியாம 'ஐ ஆம் பிரேக்கிங் தி கேஷ்யூ, ஐ ஆம் பிரேக்கிங் தி கேஷ்யூ'ன்னு சொல்லிகினு இருந்திருக்கேன். மாமியார் வேப்பில ஒடிச்சிகினு வந்துட்டாங்க.

— ஹா... ஹா... போதும், எனக்கு வயிறு வலிக்குது.

— உனக்கு வர்ற இங்கிலீஷுக்கு நீயே அந்த டெஸ்க்குல உக்காரலாம். கன்னியாஸ்திரிங்க ஸ்கூல்ல பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ நீ. ஏன்க்கா நீ கேக்கல?

— இந்த மூல சரியா வரல பாரு, பிரிச்சி மடி.

— நான் கேட்டதுக்கு இது பதிலாக்கா?

— இப்ப நான் கெஸ்ட்டு. கவனி. 'எக்ஸ்கியூஸ் மீ, தேர் ஆர் மெனி மஸ்கிட்டோஸ் இன் மை ரூம்.'

— மஸ்கிட்டோ... கொசு! சாரி சார். ஐ வில் கிவ்... ஐ வில் கிவ்... ஐயோ, கொசுவத்திக்கு என்னாக்கா?

— எனக்கு எப்படித் தெரியும்? நான் ஜெர்மன்காரரு. எனக்குத் தமிழ் தெரியாது.

— அக்கா!

— வார்த்த வரலன்னா அங்கயே நின்னு அழுவியா? ரோடு அடைச்சிருந்தா சந்துல பூந்து போகமாட்ட? சுத்தி வா. அது எப்படி இருக்கும், என்ன செய்யும், அத சொல்லு.

— இட் இஸ்... ரவுண்ட், ரவுண்ட், ரவுண்ட். கிரீன் கலர். வீ புட் ஃபயர். ஸ்மோக் கமிங். மஸ்கிட்டோ கோயிங்!

— பாத்தியா? எந்த நாட்டுக்காரருக்கும் இது புரியும். 'மஸ்கிட்டோ காயில்'னு அவரே எடுத்துக் குடுப்பாரு. நீ வாங்கி வெச்சிக்கோ. ஒரு வார்த்த ஓசியில வந்த மாதிரி.

— இன்னொண்ணு, அவங்க கேக்கறது புரியலன்னா?

— நான் என்ன சொல்லிக் குடுத்தேன்?

— அவங்க கேட்டதையே திருப்பிக் கேக்கணும். 'யூ வான்ட் டின்னர் அட் எய்ட்?' அப்டின்னு. சரின்னா தலையாட்டுவாங்க, தப்புன்னா திருத்துவாங்க. யோசிக்கறதுக்கு நமக்கும் நேரம் கெடைக்கும்.

— அப்பவும் புரியலன்னா?

— 'ஸ்லோலி ப்ளீஸ்'னு கேக்கணும். வெக்கப்படக் கூடாது.

— ஆங். கேக்கறதுல வெக்கமே படக் கூடாது. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டுப் போறதுதான் பெரிய தப்பு. எனக்குத் தெரியும் அந்தத் தப்பு.

— அக்கா, இன்டர்காம் அடிக்குது. உன் கைக்குப் பக்கத்துலதான இருக்கு, எடு.

— நீ எடு. பிராக்டீஸ்.

— கிச்சன்லேர்ந்து குழந்தைவேல் அண்ணன் டவல் கேட்டு அடிப்பாரு. அவருகிட்ட என்னாக்கா பிராக்டீஸு?

— யாரா இருந்தா என்ன? எடுத்துப் பேசு.

— ஹலோ, லாண்டரி ரூம், பொற்கொடி ஸ்பீக்கிங்... சார்! எஸ் சார்... சரிங்க சார்... தோ வந்துட்டேன் சார்... லூசிக்கா! கிளமென்ட் சாரு. கார் சீக்கிரமா வந்துகினு இருக்காம். காடாம்புலியூர் தாண்டிட்டாங்களாம். இருவது நிமிசத்துல இங்க இருப்பாங்களாம்!

— நல்லதாப் போச்சு. பயப்படறதுக்கு நேரம் இல்ல. மூஞ்சியக் கழுவு, பொட்ட சரி பண்ணு.

— நீயும் வாயேன்க்கா. டெஸ்க்குப் பக்கத்துல சும்மா நில்லு. போதும்.

— நான் எதுக்கு? போம்மா. மாதா கூட வருவா. கை மேல மட்டும் ஒரு கண்ணு வெச்சிக்கோ.

*

— லூசிக்கா! லூசிக்கா! ஏ லூசிக்கா!

— சேசுவே! இப்படியா பின்னாடி வந்து தோளப் புடிப்ப? உசுரே போச்சு. எப்ப வந்த?

— வராண்டாவுலேர்ந்து கத்திக்கினே வர்றேன். நீ பாட்டுக்கு முதுகக் காட்டிகினு நிக்கற!

— மெஷின் ஓடுதுல்ல. இரு, நிறுத்தறேன். உன் மூஞ்சியே சொல்லுது. ஆனாலும் வாயால சொல்லு. மெதுவா.

— கெடச்சிடுச்சிக்கா. ஒண்ணாந்தேதியிலேர்ந்து டெஸ்க்கு எனக்கு.

— மாதாவே! இங்க வா. இங்க வாடி. என் தங்கமே, எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் நீ சாதிப்பன்னு.

— எலும்ப நொறுக்கிடாதக்கா! வுடு, சொல்றேன். கார் வந்து நின்னுச்சு. ரெண்டு பேரும் இறங்குனாங்க. ஒருத்தரு பனமரம் உசரம். என் கை நேரா வாய்க்குப் போச்சி.

— போச்சா?

— பாதி வழியில நெனப்பு வந்துச்சு. சடார்னு ரிஜிஸ்டர் நோட்ட ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினேன், பெட்ஷீட்டப் புடிச்ச மாதிரி. புடிச்சவ கடசி வரைக்கும் வுடல. குட் ஆஃப்டர்நூன் சார்னேன். மூணரைதான ஆவுது, ஈவினிங்னு சொல்லல பாத்தியா?

— பாத்தேன் பாத்தேன். அப்பறம்?

— பனமரம் என்னமோ கேட்டாரு. ஒண்ணும் புரியல. அவரு இங்கிலீஷ் ஒரு மாதிரி கரகரன்னு இருக்கு. 'சார், ஸ்லோலி ப்ளீஸ்'னேன். அவரு சிரிச்சிட்டாரு. 'இங்கிலீஷ் எனக்கும் சொந்த பாஷ இல்ல, நானும் ஸ்கூல்ல கத்துக்கினதுதான்'னு சொன்னாருக்கா! அதக் கேட்ட ஒடனே பாதி பயம் ஓடிப்போச்சு. அவரும் நம்ம மாதிரிதான்னு ஆயிடுச்சு.

— நல்லாச் சொன்னாரு. என்ன கேட்டாரு அவரு?

— சொவத்துல இருக்கற பிளக்கு அவரோட சார்ஜருக்கு சேராதாம். நடுவுல சொருவுற சாமான் ஒண்ணு. பேரு எனக்குத் தெரியல. சந்துல பூந்தேன். 'ஸ்மால் திங்? திஸ் சைட் யுவர் சார்ஜர், தட் சைட் அவர் வால்?' அப்டின்னேன். 'எஸ், எஸ், அடாப்டர்!'னாரு. வார்த்தைய வாங்கிப் போட்டுக்கினேன். ஸ்டோர்லேர்ந்து எடுத்தும் குடுத்துட்டேன்.

— ஓசியில ஒரு வார்த்த.

— அதான்! போறப்ப அவரு கிளமென்ட் சாருகிட்ட சொல்றாரு, 'ஷி ஸ்பீக்ஸ் வெரி க்ளியர்லி'ன்னு. ஏர்போர்ட்டுலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் எல்லாரும் கடகடன்னு பேசுனாங்களாம். நான் ஒருத்திதான் மூஞ்சியப் பாத்து, நிறுத்தி நிறுத்தி, புரியற மாதிரி பேசுனனாம். எனக்கு அழுவையே வந்துடுச்சு.

— எனக்கும் வருது.

— நீ அழுவாத. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். சண்ட போடணும்னே வந்தேன். சந்தோசத்துல மொதல்ல அத சொல்லிட்டேன்.

— என்கூட என்ன சண்ட?

— கிளமென்ட் சாரு கையக் குடுத்துட்டு சொன்னாரு. 'இந்த சீட்டுக்கு மொதல்ல லூசியத்தான் கேட்டேன். மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் வேணாம்னுட்டாங்க. அவங்கதான் உன் பேரச் சொன்னாங்க'ன்னாரு. நெசமா?

— அது பழைய கத. விடு.

— வுட முடியாது. மத்தியானமே கேட்டேன், பெட்ஷீட்டு மூல சரியில்லன்ன. உனக்கு வேணாம்னு தள்ளுனதத்தான் எனக்குக் குடுத்தியா?

— இல்ல கொடி.

— பின்ன? பாவம், கூட்டிப் பெருக்கறவ, ஏதோ ஆசப்படறான்னு தானம் பண்ணியா?

— தானமா? நீ ஆறு மாசம் பாடுபட்டு வாங்கினது அது.

— நீ வந்து உக்காந்திருந்தா ஒரு நாள் கூட பாடுபட வேணாமே! உனக்குத் தெரிஞ்சதுல கால்வாசி கூட எனக்குத் தெரியாது. அந்த நாற்காலி உனக்கு எளக்காரமாப் பூடுச்சா? நான் என் மொத்த உசுரையும் அது மேல வெச்சிருக்கேன், நீ வேணாம்னு ஒரு வார்த்தையில... என்னால தாங்க முடியலக்கா... உன் கூடப் பொறந்தவ மாதிரி நெனச்சனே...

— கைய எடு.

— உனக்கு வந்தத நான் புடுங்கிகினேன்னு நாளைக்கு நாலு பேரு சொல்ல மாட்டாங்களா...

— கைய எடு, பொற்கொடி.

— இப்ப நான் என்னா இங்கிலீஷா பேசிகினு இருக்கேன்? தமிழ்லதானக்கா அழுவறேன்! தமிழுக்கு எதுக்குக் கைய எடுக்கணும்?

— முந்தானைய வாய்லேர்ந்து எடு. நீ என்ன சொல்றன்னு எனக்குத் தெரியல.

— தெரியலியா? ஒரு மொழ தூரத்துல நின்னு கத்திக்கினு இருக்கேன்!

— கத்தறது தெரியுது. என்ன கத்தறன்னு தெரியல. நீ வாய மூடிட்டா எனக்கு எல்லாமே மூடிடும்.

— லூசிக்கா...

— பத்து வயசுல அம்ம வந்தது. எடது காது அப்பவே போச்சு. வலது காதும் மூணு வருஷமா கொறஞ்சிக்கிட்டே வருது. மூஞ்சிக்கு நேரா பேசினா உதட்டப் பாத்துப் புடிச்சிடுவேன். ஃபேன் ஓடினா போச்சு, இருட்டா இருந்தா போச்சு. அந்த டெஸ்க்குல நாள் பூரா போன் அடிக்கும் கொடி. போனுக்கு எங்க இருக்கு உதடு?

— அப்ப... வெளிச்சத்துல நில்லுன்னது... இன்னொரு தடவ இன்னொரு தடவன்னது... இன்டர்காம நீ எடுன்னது...

— ம்.

— அதெல்லாம் இங்கிலீஷு கத்துக்கற வழின்னுதான நெனச்சிகினு இருந்தேன்! எம் பொண்ணக்கூட ஜன்னல் பக்கம் நிக்க வெச்சி படிக்கச் சொல்றனே!

— படிக்கட்டும், நல்லதுதான். அது எனக்குத் தெரிஞ்ச வழி. பாத்தியா, உனக்கும் ஆச்சு, ஜெர்மன்காரருக்கும் ஆச்சு.

— ஏன்க்கா எங்கிட்ட சொல்லல? என்னக் கூடவா நம்பல?

— காது கேக்காதுன்னு தெரிஞ்சா ஜனங்க ரெண்டே விதமாத்தான் பேசுவாங்க. ஒண்ணு, ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவாங்க. இல்லன்னா 'ஒண்ணுமில்ல, விடு'ன்னுட்டுப் போயிடுவாங்க. வீட்ல நான் என்னன்னு கேட்டா என் வீட்டுக்காரரு, புள்ளைங்க எல்லாருமே 'ஒண்ணுமில்ல, விடு'தான். புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டுப் போயிடுவேன். நீயும் அப்படி ஆயிடுவியோன்னு பயம்.

— நான் என் வாயில மண்ண அள்ளிப் போட்டுக்கணும். உன்னப் போயி என்னென்னமோ பேசிட்டேன்.

— அதுல பாதி எனக்குத் தெரியாது. அதனால கோவமும் இல்ல.

— சிரிக்காதக்கா. நாளைக்கு ரெண்டு பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். டாக்டர் என்னா சொன்னாலும் நான் உன் மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்றேன், ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியமா. காதுல வெக்கிற மிஷினு இருக்குல்ல, அத கேப்போம். வெக்கப்படாமக் கேப்போம்.

— வர்றேன். ஆனா பிராக்டீஸ நீ நிறுத்தக் கூடாது.

— சீட்டுதான் கெடச்சிடுச்சே. இன்னும் எதுக்குக்கா பிராக்டீஸு?

— இந்த ஆறு மாசத்துல, ஒரு வார்த்த விடாம நான் முழுசாக் கேட்ட ஒரே ஆள் நீதான் கொடி.